ஏழு மணிக்குப் பிறகு

எரிந்துபோன மோட்டாருக்கு என்று ஒரு வாடை உண்டு. வார்னிஷும் காகிதமும் செம்புக் கம்பியும் சேர்ந்து கருகிய வாடை. கோவில்பட்டியில் எங்கள் அப்பா நடத்திய மோட்டார் வைண்டிங் கடையில் கோடை முழுக்க அது குடியிருக்கும். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் இறங்கும். லைனில் வோல்டேஜும் இறங்கும். இரண்டும் ஒருசேர இறங்கினால் எந்த மோட்டார் தாங்கும்? எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கத்து சம்சாரிகள் மாட்டு வண்டியிலும் பஸ் கூரையிலும் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார்கள். "அண்ணாச்சி, மிளகாய்ச் செடி வாடுது, நாளைக்குள்ள கட்டிக் குடுத்துருங்க" என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்பா உடனே கத்தியை எடுக்க மாட்டார். மூடியைக் கழற்றி, ஸ்டேட்டரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் பக்கத்தில் குந்தியிருப்பேன்.

"சும்மா எதுவும் கருகாது தாயி. எங்க கருகியிருக்குன்னு பாரு."

பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது. மூன்று பேஸ் சுருளில் இரண்டு கருத்து, ஒன்று மட்டும் நிறம் மாறாமல் இருந்தால், அந்த ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாருக்கு ஒரு பேஸ் வராமல் போயிருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி கருத்திருந்தால் சுமை தாங்காமல் திணறியிருக்கிறது, அல்லது உள்ளே எதுவோ இறுகிச் சுற்றாமல் நின்றிருக்கிறது. ஒரே ஒரு ஸ்லாட்டில் மட்டும் செம்பு உருகித் திரண்டிருந்தால் அங்கே காகிதம் கிழிந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அப்பா பழைய சுருளை வெட்டுவார். காரணம் தெரியாமல் கட்டிக் கொடுத்தால் அடுத்த மாதமே அதே மோட்டார் திரும்ப வரும், சம்சாரிக்குத்தான் நஷ்டம் என்பார். வெட்டிய சுருளிலிருந்து சுற்று எண்ணுவது என் வேலை. கம்பியின் கேஜைப் பார்த்து, சுற்று எண்ணி, ஸ்லேட்டில் எழுதி வைக்க வேண்டும். பிறகு மரக்கட்டையில் புதுக் கம்பியைச் சுற்றுவார், நான் எண்ணுவேன். ஒரு சுற்று தவறினாலும் கட்டு முழுவதையும் பிரிக்க வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். அந்த வயதில் எனக்கு அது பெரிய கௌரவம்.

அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆனால் தெருமுனையிலிருந்தே குரல் வரும். "ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு இருட்டுனப் பொறவு கடையில என்ன சோலி?" அப்பா தலையை நிமிர்த்தாமல், "இருந்துட்டு வரட்டும், இந்தக் கட்டு முடியப் போகுது" என்பார். வார்னிஷ் ஊற்றி, சூடு காட்டி, மோட்டாரை ஓடவிட்டுப் பார்ப்பது எப்போதும் ராத்திரியில்தான் நடக்கும். கட்டிய மோட்டார் முதல் முறை ஓடும்போது பக்கத்தில் இல்லையென்றால் அதுவரை எண்ணியதற்கு என்ன அர்த்தம்? அப்பாவுக்கு அது புரிந்திருந்தது. நான் பொறியாளர் ஆனதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், அவர் என்னை வீட்டுக்கு அனுப்பாமல் இருந்ததைத்தான் சொல்வேன்.

பிளஸ் டூ முடித்தது 1994-ல். அப்போது தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. 1984-ல் கொண்டுவந்தது. கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு நூறும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். ஊரில் பயிற்சி மையம் கிடையாது. சீனியர் ஒருவரிடம் இருந்து வாங்கிய பழைய வினாத்தாள்கள்தான் துணை. இடம் கிடைத்தது. எலெக்ட்ரிகல் எடுக்கப் போகிறேன் என்றதும் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். "கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லுங்க மச்சான். ஏசி ரூம்ல வேலை. கரண்ட்டு வேலைக்குப் பொம்பளப் பிள்ளைய அனுப்புவாங்களா?"

"அவளுக்குக் கரண்ட்டுன்னா பயம் கெடையாது. மரியாதை உண்டு. அது போதும்" என்றார் அப்பா. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரு பெஞ்சுக்கு மேல் இருந்தோம், இரண்டு பெஞ்சு நிறையவில்லை. முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் காக்கி கோட்டுக்குள் பின்னலைச் செருகிக்கொண்டு இரும்புத் தகட்டை அரத்தால் ராவினோம். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. கை கொப்பளித்தது, ஆனால் அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தகடு, ஒரே அரம். தொல்லை இரண்டாம் ஆண்டு மெஷின்ஸ் லேபில் தொடங்கியது. ஒரு பேட்ச்சுக்கு ஐந்தாறு பேர். ஒருவர் சர்க்யூட் கனெக்‌ஷன் கொடுப்பார், ஒருவர் ஸ்டார்ட்டர் கைப்பிடியை நகர்த்துவார், ஒருவர் ரியோஸ்டாட், ஒருவர் மீட்டர், ஒருவர் எழுதுவார். எழுதுகிறவர் எப்போதும் பெண். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. "உன் கையெழுத்து நல்லாருக்கு, நீ ரீடிங் எழுதிரு" என்பார்கள். பாராட்டுப் போலவே இருக்கும். நான்கு ஆண்டும் இப்படியே எழுதிவிட்டு, ஒரு டி.சி. மோட்டாரைக்கூடத் தன் கையால் ஓட்டிப் பார்க்காமல் முதல் வகுப்பில் தேறிப் போன தோழிகளை எனக்குத் தெரியும். கெட்டிக்காரிகள். கை படாததால் நம்பிக்கை வராமல், வேறு துறைக்குப் போனார்கள்.

நான் வயரைக் கையில் எடுத்துக்கொண்டேன். கேட்டால் தர மாட்டார்கள் என்பதால் லேப் திறக்கும்போதே போய் நின்றுகொள்வேன். பேனல் முன்னால் முதலில் நிற்கிறவர்தான் கனெக்‌ஷன் கொடுப்பார். லேப் அசிஸ்டென்ட் ஐயா ஒருவர் இதைக் கவனித்தார். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். ஒரு நாள், என் கனெக்‌ஷனை முனை முனையாகத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். கடையைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு எங்கள் பேட்ச்சில் மட்டுமல்ல, எல்லா பேட்ச்சிலும் கனெக்‌ஷன் கொடுக்கும் வேலையை முறை வைத்து மாற்றச் சொல்லிவிட்டார். துறைத் தலைவர் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார்.

1998-ல் படிப்பு முடிகிற நேரம். ஒய்2கே என்று உலகமே பதறிக்கொண்டிருந்ததால் மென்பொருள் நிறுவனங்கள் எந்தத் துறை என்று பார்க்காமல் ஆள் எடுத்தன. இயந்திரம் செய்கிற கம்பெனிகளில் சில, அறிவிப்புப் பலகையிலேயே 'ஆண்கள் மட்டும்' என்று ஒட்டின. அந்தத் தாளுக்கு முன்னால் நின்ற கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை. எங்கள் வகுப்புப் பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் கணினிப் பக்கம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, திறந்திருந்த கதவு அதுதான். நான் சென்னைக்கு வெளியே ஒரு மின்மாற்றித் தொழிற்சாலைக்கு விண்ணப்பம் அனுப்பினேன். நேர்காணலில் டெஸ்டிங் பிரிவு மேலாளர், "மோட்டார் எரிந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார். ஸ்டேட்டரைப் படம் வரைந்து காட்டினேன். கருகலை வைத்துப் பேச ஆரம்பித்தோம், நேரம் போனதே தெரியவில்லை. பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன்.

மின்மாற்றி எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காகிதம் சுற்றிய செம்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றுவார்கள். கிராஃப்ட் காகிதமும் அழுத்திய அட்டையும்தான் அதன் காப்பு. லட்சம் வோல்ட்டைத் தாங்கும் பொருளில் பாதி காகிதம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். காகிதம் ஈரத்தை இழுக்கும். ஈரம் இருந்தால் மின்சாரம் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் சுருளை வெற்றிட அடுப்பில் வைத்து ஈரத்தை முழுவதும் வெளியேற்றி, தொட்டிக்குள் இறக்கி, காற்று படாமல் எண்ணெய் நிரப்புவார்கள். அதன் பிறகு எங்களிடம் வரும். சுற்று விகிதம் சரியா, சுருளின் மின்தடை எவ்வளவு, சுமையில்லாமல் எவ்வளவு இழப்பு, சுமையோடு எவ்வளவு, இயல்பைவிட மிகுந்த அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாவற்றிலும் நீளமானது ஹீட் ரன். மின்மாற்றி முழுச் சுமையில் எவ்வளவு சூடாகிறது என்று அறியும் சோதனை. ஒரு பக்கத்துச் சுருளைக் குறுக்கிணைத்துவிட்டு, மறுபக்கம் மின்சாரம் கொடுத்து, உள்ளே உண்டாகும் மொத்த இழப்புக்குச் சமமான வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மேல் எண்ணெயில் வெப்பமானி. சுற்றிலும் தரையில், எண்ணெய் நிரப்பிய சிறு கிண்ணங்களில் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் வெப்பமானிகள். குறித்த இடைவெளியில் ரீடிங். எங்கள் ஊர்ப் பக்கத்துத் துணை மின்நிலையங்களுக்கும் போகிற 16 எம்.வி.ஏ., 110/11 கே.வி. வகையை எடுத்துக்கொண்டால், அத்தனை எண்ணெயும் இரும்பும் சூடேறி ஒரு நிலைக்கு வர அரை நாளுக்குக் குறையாது. எண்ணெயின் வெப்ப ஏற்றம் மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக மாறினால்தான் நிலைத்தது என்று அர்த்தம். பிறகு ஒரு மணி நேரம் சுருளுக்குரிய மின்னோட்டத்தில் ஓடவிட்டு, சப்ளையை நிறுத்துவோம்.

அந்த நொடிதான் உயிர். நிறுத்தியதும் சுருள் ஆற ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டியதோ நிறுத்திய கணத்தில் சுருள் இருந்த சூடு. உள்ளே கை விட்டு வெப்பமானி வைக்க முடியாது. செம்பு சூடானால் மின்தடை கூடும் என்பதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். குறுக்கிணைப்பைக் கழற்றி, மின்தடை அளக்கும் கருவியை மாட்டி, முதல் ரீடிங்கை இரண்டொரு நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும். பிறகு இடைவிடாமல் வரிசையாக ரீடிங். கிராஃப் தாளில் புள்ளி வைத்து, ஆறிக்கொண்டே போகும் அந்த வளைவைப் பின்னோக்கி இழுத்து, நிறுத்திய கணத்துக்கு வர வேண்டும். குளிர்ந்த நிலையின் மின்தடையோடு ஒப்பிட்டு, செம்புக்குரிய 235 என்ற எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டால் சுருளின் வெப்பம் கிடைக்கும். எங்கள் நாட்டு வெயிலைக் கணக்கில் கொண்டு, ஐ.எஸ். 2026 தரநிலை சுருளின் வெப்ப ஏற்றத்துக்கு 55 டிகிரி என்று வரம்பு வைத்திருந்தது. அதைத் தாண்டினால் உள்ளேயிருக்கும் காகிதத்தின் ஆயுள் குறையும்.

காலையில் சோதனையைத் தொடங்குவேன். மீட்டர்களை நான் சரிபார்ப்பேன், கனெக்‌ஷன் நான் கொடுப்பேன், பகல் முழுக்க ரீடிங் எடுப்பேன். சாயங்காலம் ஆறரைக்கு ஃபோர்மேன் வந்து நிற்பார். "மேடம், பஸ் கிளம்பிடும்." ஏழு மணிக்குள் நான் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஷட் டவுன் நள்ளிரவில் நடக்கும். மறுநாள் காலையில் என் மேஜையில் வேறு யாரோ வரைந்த வளைவு இருக்கும்.

முதலில் நிர்வாகம் வைத்த விதி என்று நினைத்தேன். இல்லை, சட்டம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, காலை ஆறு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையில் மட்டுமே பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றது. மாநில அரசு நினைத்தால் நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை எந்த வகையிலும் கூடாது. மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வேலை நேர விதிகள் பலவற்றிலிருந்து விலக்குத் தந்த அதே சட்டம், இந்தத் தடையை மட்டும் அவர்களுக்கும் விடவில்லை. பொறியாளரானாலும் பெண் பெண்தான். இதன் வேர் 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஆலைகளில் பெண்களை இரவும் பகலும் கசக்கிப் பிழிந்த காலத்தில், அவர்களைக் காப்பதற்கென்று எழுதியது. எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எண்பது ஆண்டு கழித்து அது என்னை எதிலிருந்து காத்தது? என் தொழிலின் மிக முக்கியமான பத்து நிமிடங்களிலிருந்து.

அந்த நாட்களில்தான் அ. லலிதாவைப் பற்றிப் படித்தேன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1943-ல் மின்பொறியியல் முடித்தவர், இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். சிறு வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படிக்க வந்தவர். அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். கட்டடப் பொறியியலில் அவரோடு சேர்ந்து தேறிய பி.கே. திரேசியா, பிற்பாடு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா கல்கத்தாவில் மின்தடங்களும் துணை மின்நிலையங்களும் வடிவமைத்தார், பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது. இதையெல்லாம்விட என் மனதில் தங்கியது வேறு. படிப்பின் பகுதியாக அவர் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். 1940-களில், எண்ணெயும் கரியுமாக இருந்த அந்தப் பட்டறைக்குள் ஒரு பெண்ணை விட்டிருக்கிறார்கள். அப்படியானால் 1999-ல் எனக்கு மட்டும் ஏன் கதவு அடைக்க வேண்டும்?

கதவைத் தட்டியவர்கள் பொறியாளர்கள் அல்லர், ஆலைத் தொழிலாளர்கள். இரவு ஷிஃப்ட்டில் வேலை செய்யும் உரிமை கேட்டுப் பெண் தொழிலாளர்களும் சில ஆலைகளும் தொடுத்த வழக்குகளில், 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வண்டி வசதி, கழிப்பறை, ஓய்வறை, தொல்லையிலிருந்து பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது. வழக்கை நடத்தியவர்களில் எத்தனை பேர் பள்ளி இறுதியைத் தாண்டியவர்கள் என்று எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கிய நான் மேலாளரிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் நீதிமன்றத்தின் படியேறியிருந்தார்கள். அந்தக் கடனை நான் மறந்ததில்லை.

தீர்ப்பு வந்ததும் மறுநாளே இரவு வேலை கிடைத்துவிடவில்லை. மாதக்கணக்கில் இழுத்தது. டெஸ்டிங் பேயில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, அலுவலகக் கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும், அதுவும் இரவில் பூட்டியிருக்கும். வண்டிக்கு யார் செலவு என்பதில் ஒரு சுற்று. தனியாக ஒரு பெண் எப்படி என்பதில் இன்னொரு சுற்று. அதற்குள் குவாலிட்டிப் பிரிவில் ஒரு பெண்ணும் வைண்டிங்கில் இரு பெண்களும் சேர்ந்திருந்தார்கள். நாங்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். ஃபோர்மேன் எங்கள் பக்கம் நின்றார். "காலைல ஆரம்பிச்சவங்களே முடிச்சாத்தான் சார் ரீடிங் நம்பகமா இருக்கும்" என்று அவர் சொன்னது எங்கள் மனுவைவிட எடுபட்டது.

முதல் இரவு வந்தது. எண்ணெய் நிலைத்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வாடிக்கையாளர் தரப்பில் வந்திருந்த ஆய்வாளர் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். பஸ்பார் பக்கம் இரண்டு பேர் ஸ்பேனரோடு தயாராக நின்றார்கள். கையில் ஸ்டாப் வாட்ச். "ஆஃப்" என்றேன். பிரேக்கர் விழுந்த சத்தம். எர்த் ராடை மாட்டி உறுதி செய்ததும் குறுக்கிணைப்பின் போல்ட்டுகள் கழன்றன, லீடுகள் மாட்டப்பட்டன. கருவியின் எண் உடனே நிற்கவில்லை. இவ்வளவு பெரிய சுருளில் மின்னோட்டம் நிலைப்படக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதற்குமுன் எழுதினால் தவறு, அதற்குப்பின் தாமதித்தால் சூடு போய்விடும். எண் இறங்கி, தயங்கி, நின்றது. சொன்னேன். எழுதியவன் புதிதாகச் சேர்ந்த பையன், கையெழுத்து அழகாக இருக்கும். அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். கிராஃப் தாளில் புள்ளிகள் ஒரு வளைவில் விழுவதைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. பென்சிலால் பின்னோக்கி இழுத்தேன். வரம்புக்குள் இருந்தது. அறிக்கையில் 'சோதனை நடத்தியவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். ஊருக்கு எஸ்.டி.டி. போட்டால் தூங்கிக்கொண்டிருக்கும் அம்மா பதறுவாள் என்று விடியும்வரை காத்திருந்தேன்.

போனை எடுத்தது அப்பா. எவ்வளவு டிகிரி என்றுதான் முதலில் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கல்யாணம், மகள், சில ஆண்டுகள் டிசைன் பிரிவு, பிறகு மறுபடி டெஸ்டிங். இன்று சோதனையோடு தளப் பணியும் என் பொறுப்பில் இருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சம்மதத்தின் பேரில் பெண்கள் இரவில் வேலை செய்யலாம் என்று நாடு முழுமைக்கும் எழுதிவிட்டது. எங்கள் பேயில் இரவு ஷிஃப்ட்டில் பெண்கள் இருப்பதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிப்ளமா முடித்து வருகிறவர்கள் அதிகம், கை வேலையில் கெட்டிக்காரிகள். ரீடிங் எழுதும் வேலையை முறை வைத்து மாற்றுவது எங்கள் பிரிவில் எழுதப்பட்ட விதி.

தீராமல் இருப்பது தளத்தில். மின்மாற்றியைத் துணை மின்நிலையத்தில் இறக்கி, எண்ணெய் சுத்திகரித்து, ரிலேக்களைச் சோதித்து, முதல் முறை மின்னேற்றுகிற வரை ஆட்கள் வாரக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் ஊருக்கு வெளியே பொட்டல், முள்வேலி, ஒரு கன்ட்ரோல் ரூம். பெண்களை அங்கே அனுப்பத் தயங்குகிறவர்கள் எல்லோரும் பாதுகாப்பு என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். தோண்டிக் கேட்டால் கழிப்பறை இல்லை என்பதில் வந்து நிற்கும். எங்கள் பெண்கள் அங்கே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்துவிட்டு வந்து, மூத்திரக் கடுப்போடு மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். தளத்துக்குப் போகாதவருக்குப் பதவி உயர்வு தாமதமாகும், பிறகு 'அவருக்கு சைட் அனுபவம் இல்லையே' என்பார்கள். ஏழு மணித் தடையைச் சட்டத்திலிருந்து எடுத்தாகிவிட்டது, அது இந்த வடிவத்தில் உயிரோடு இருக்கிறது.

மின்மாற்றியை அனுப்புவதற்கு முன் தளம் தயார் என்று வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அடித்தளம், எண்ணெய்க் குழி, கிரேன் வரும் பாதை, எர்த் மெஷ், தீயணைப்பு என்று வரிசையாக இருக்கும். அதில் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு பூட்டக்கூடிய கழிப்பறை என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன். சென்ற மாதம் ஓர் ஒப்பந்ததாரர் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்பினார். போனில், "மேடம், இது ஒரு விஷயமா?" என்றார். மற்ற எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, லாரியும் தயார். படிவத்தைத் திருப்பி அனுப்பினேன். அவர் கட்டிக்கொண்டிருக்கிறார், கதவு மட்டும் பாக்கி என்று நேற்றுப் புகைப்படம் வந்தது. கதவு போட்டதும் மின்மாற்றி கிளம்பும்.